வலைப்பக்கத்தைக் காதால் படிப்பது எப்படி: இணைய அணுகல்தன்மை ஓர் அறிமுகம்

டிம் பெர்னர்ஸ் லீ எழுதிய உலகின் முதல் வலைப்பக்கம் 1991-இல் பொதுப் பார்வைக்கு வந்தது. ஜெனீவாவுக்கு அருகே செர்ன் ஆய்வகத்தில் பிறந்த அந்தப் பக்கத்தின் பழைய பிரதி ஒன்றை, அதே ஆய்வகம் 2013-இல் மீண்டும் இணையத்தில் ஏற்றி வைத்தது. இன்றும் போய்ப் பார்க்கலாம். வெள்ளைத் திரையில் கறுப்பு எழுத்து, ஒரு தலைப்பு, சில இணைப்புகள், அவ்வளவுதான். பார்வையற்ற ஒருவர் தம் கணினியில் அதைத் திறந்தால் முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை கேட்டுவிடலாம். கை நடுங்கும் ஒருவர் மவுஸைத் தொடாமலே அதில் உலாவலாம். எழுத்து சிறிதாகத் தெரிந்தால் பெரிதாக்கிக்கொள்ளலாம்; வரிகள் தாமாகவே மடிந்து திரைக்குள் அடங்கும். மாற்றுத்திறனாளிகளுக்கென்று யாரும் அதில் தனியாக எதையும் சேர்க்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

மாற்றுத்திறனாளிகள் உட்பட எல்லாரும் தடையில்லாமல் பயன்படுத்தும்படி வலைப்பக்கம் இருப்பதுதான் இணைய அணுகல்தன்மை. அதன் பெயரைக் கேட்டாலே, கட்டடம் கட்டி முடித்த பிறகு வாசலில் சாய்தளம் வைப்பது போன்ற கூடுதல் வேலை என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். எனக்கு இது தலைகீழான புரிதலாகத் தோன்றுகிறது. வலைப்பக்கம் பிறக்கும்போது தடையில்லாமல்தான் பிறக்கிறது. அழகு, வேகம், விளம்பரம், அவசரம் என்று ஏதேதோ காரணம் சொல்லி, தடைகளை நாம்தான் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைக்கிறோம். எந்த இடத்தில் வைக்கிறோம் என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

அமெரிக்காவில் வெப்எய்ம் என்ற அமைப்பு, உலகில் அதிகம் பார்க்கப்படும் பத்து லட்சம் இணையதளங்களின் முகப்புப் பக்கங்களை 2019 முதல் ஆண்டுதோறும் தானியங்கிக் கருவியால் சோதித்துவருகிறது. ஏறத்தாழ 95 விழுக்காட்டுப் பக்கங்களில் ஏதாவது ஒரு பிழை அகப்படுகிறது. அவற்றில் பெரும்பாலானவை ஆறே வகைக்குள் அடங்கிவிடுகின்றன: மங்கலான எழுத்து, விளக்கமில்லாத படம், பெயரில்லாத படிவக் கட்டம், வெற்று இணைப்பு, வெற்றுப் பொத்தான், மொழி குறிக்கப்படாத பக்கம். இவற்றைத் தீர்க்கப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டியதில்லை.

யாருக்காக இதெல்லாம்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகளையும் தமிழ்நாட்டில் ஏறக்குறைய 11.8 லட்சம் பேரையும் பதிவு செய்தது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏழு வகையாக இருந்த பட்டியலை 21 ஆக விரித்தது. ஆகவே அந்த எண்ணிக்கையைக் குறைந்தபட்சமாகவே கொள்ள வேண்டும். உலக மக்களில் ஆறில் ஒருவருக்குக் குறிப்பிடத்தக்க அளவில் ஏதேனும் ஒரு மாற்றுத்திறன் நிலை இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அறுபது வயதைத் தாண்டியவர்களின் கண்ணையும் விரலையும் இதில் சேர்க்கத் தொடங்கினால் கணக்கு எங்கேயோ போய்விடும்.

திரை வாசிப்பான் என்ன செய்கிறது

பார்வையற்றவர்கள் கணினியைப் பயன்படுத்துவது திரை வாசிப்பான் என்ற மென்பொருளின் உதவியால். என்விடிஏ என்ற புகழ்பெற்ற திரை வாசிப்பானை 2006-இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்ற இரு இளைஞர்கள் தொடங்கினார்கள். இருவருமே பார்வையற்றவர்கள். அன்று விற்பனையில் இருந்த திரை வாசிப்பான்களின் விலை கணினியின் விலைக்கே சவால் விடும். இவர்கள் தங்கள் மென்பொருளை இலவசமாகக் கொடுத்தார்கள்; இன்றும் அது இலவசம்தான். அதோடு வரும் ஈஸ்பீக் குரலுக்குத் தமிழும் தெரியும். இயந்திரக் குரல்தான், இனிமையை எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் பழகியவர்கள் அதை நம்மால் பின்தொடரவே முடியாத வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பார்கள். கைப்பேசியில் தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. பெரும்பாலான ஆண்ட்ராய்டு பேசிகளில் டாக்பேக்கும், ஐபோனில் வாய்ஸ்ஓவரும் ஏற்கெனவே உள்ளன. உங்கள் பையில் இருக்கும் பேசியிலும் இருக்கக்கூடும்.

திரை வாசிப்பான் என்ற பெயர் சற்று ஏமாற்றக்கூடியது. வலைப்பக்கத்தைப் பொறுத்தவரை, திரையில் தெரியும் காட்சிக்குப் பின்னால் எழுதப்பட்டிருக்கும் எச்டிஎம்எல் குறிமுறையைத்தான் அது முதன்மையாக நம்பியிருக்கிறது. அந்தக் குறிமுறையில் ‘இது தலைப்பு’ என்று எழுதியிருந்தால் ‘தலைப்பு, நிலை இரண்டு’ என்று சொல்லும். ‘இது பொத்தான்’ என்றிருந்தால் பொத்தான் என்று சொல்லும். நீங்கள் ஒரு வரியைப் பெரிதாக்கி, தடிப்பாக்கி, நீல நிறம் பூசிவிட்டு அதைத் தலைப்பு என்று நினைத்துக்கொண்டால், கண்ணுக்கு அது தலைப்புதான். திரை வாசிப்பானுக்கு இன்னொரு சாதாரண வரி.

இது ஏன் முக்கியம் என்றால், பார்வையுள்ளவர்கள் செய்தித்தாளை எப்படி மேய்கிறார்களோ அப்படித்தான் பார்வையற்றவர்களும் வலைப்பக்கத்தை மேய்கிறார்கள். முதல் வரியிலிருந்து பொறுமையாக யாரும் கேட்பதில்லை. என்விடிஏ-யில் எச் விசையை அழுத்தினால் அடுத்த தலைப்புக்குத் தாவலாம். நீண்ட பக்கத்தில் வேண்டியதைத் தேட, திரை வாசிப்பான் பயன்படுத்துவோரில் பெரும்பாலோர் முதலில் கையாளும் வழி இதுதான். நாற்பது பத்திகள் உள்ள அரசாணை விளக்கத்தில் உண்மையான தலைப்பு ஒன்றுகூட இல்லையென்றால், நாற்பதையும் கேட்டுத்தான் ஆக வேண்டும். வேர்ட் கோப்பில் எழுதுகிறவர்களுக்கும் இதே விதிதான்: எழுத்தின் அளவைக் கூட்டாதீர்கள், தலைப்புக்கான பாணியைத் தேர்ந்தெடுங்கள்.

இணைப்புகளும் அப்படித்தான். பக்கத்தில் உள்ள இணைப்புகளை மட்டும் பட்டியலாக எடுத்துக் கேட்கும் வசதி உண்டு. நம் செய்தித் தளங்கள் பலவற்றில் அந்தப் பட்டியல் ‘மேலும் படிக்க, மேலும் படிக்க, மேலும் படிக்க, இங்கே சொடுக்கவும்’ என்று போகும். எதைப் படிக்க, எங்கே போக? ‘மேட்டூர் அணை நீர்மட்டம் குறித்த செய்தி’ என்று இணைப்புக்குப் பெயர் வைத்தால் எல்லாருக்குமே நல்லது.

படத்துக்கு என்ன எழுதுவது

குறிமுறையில் படத்தோடு சேர்த்து ‘ஆல்ட்’ என்ற இடத்தில் ஒரு சிறு விளக்கம் எழுதலாம். படத்தைப் பார்க்க முடியாதவருக்குத் திரை வாசிப்பான் அதைச் சொல்லும். விளக்கம் இல்லையென்றால் சில நேரம் கோப்பின் பெயரை எழுத்து எழுத்தாகவும் எண் எண்ணாகவும் வாசித்துத் தள்ளும். அது யாருக்கும் பயன்படாது.

என்ன எழுதுவது என்பது, படம் அந்த இடத்தில் எதற்காக இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கன்னியாகுமரி திருவள்ளுவர் சிலையின் படம் சுற்றுலாப் பக்கத்தில் இருந்தால், ‘கடல் நடுவே பாறை மீது 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலை’ என்று எழுதலாம். அதே படம் படகு நேர அறிவிப்பில், அலை சீற்றத்தைக் காட்டுவதற்காக இருந்தால், சொல்ல வேண்டியது அலையைப் பற்றி. வெறும் அலங்காரக் கோலம் என்றால் ஆல்ட் பகுதியைக் காலியாக வைத்துவிட வேண்டும். திரை வாசிப்பான் அதைத் தாண்டிப் போய்விடும். ஆல்ட் பகுதியைக் காலியாக வைப்பது வேறு, அந்தப் பகுதியையே குறிமுறையில் எழுதாமல் விடுவது வேறு. தேர்தல் முடிவு வரைபடம் போன்றவற்றுக்கு ஒரு வரி போதாது. எண்களைக் கீழே ஓர் அட்டவணையாகக் கொடுத்துவிடுவதே முறை.

எழுத்தையே படமாக்கும் வழக்கம்தான் தமிழ் இணையத்தில் என்னை மிகவும் எரிச்சலூட்டுவது. வேலைவாய்ப்பு அறிவிப்பு, மின்தடை அறிவிப்பு, பொதுக்கூட்ட அழைப்பு, இரங்கல் செய்தி எல்லாமே வண்ணப் படமாக வருகின்றன. உள்ளே இருப்பது முழுக்க எழுத்து. ஆனால் திரை வாசிப்பானுக்குக் கிடைப்பது ‘படம்’ என்ற ஒரே சொல். ஸ்கேன் செய்து ஏற்றப்படும் பிடிஎஃப் சுற்றறிக்கைகளும் இதே இனம்தான். படத்திலிருந்து தமிழ் எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருள்கள் இப்போது நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனாலும் அட்டவணை வந்தால் தடுமாறும், முத்திரை விழுந்த இடத்தில் தொலைந்துபோகும். தட்டச்சு செய்ததை அச்செடுத்து, கையெழுத்திட்டு, ஸ்கேன் செய்து, மறுபடியும் எழுத்தாக்கும் இந்தச் சுற்றுப்பயணம் எதற்கு? மூலக் கோப்பையும் சேர்த்து ஏற்றிவிட்டால் போதுமே.

தமிழுக்கே உரிய இன்னொரு தடை, பழைய எழுத்துருக்கள். பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை ஒட்டிவைத்தவை. பாமினியில் ‘தமிழ்’ என்று திரையில் தெரியும். உள்ளே கணினி வைத்திருப்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. கண்ணுக்கு எந்தக் குறையும் இல்லை. திரை வாசிப்பானோ உள்ளே இருப்பதைத்தான் பேசும். அது பேசுவது தமிழாகவும் இருக்காது, ஆங்கிலமாகவும் இருக்காது. தேடுபொறிக்கும் இதே கதி என்பதால், அந்தக் கோப்பு யார் தேடினாலும் அகப்படாது. உலக மொழிகளின் எழுத்துகளுக்குத் தனித்தனிக் குறியெண் தரும் பொது முறையான யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010-இல் ஏற்று ஆணையிட்டது. இருந்தும், அச்சகத்திலிருந்து நேராக இணையத்துக்கு வரும் பிடிஎஃப்களில் பழைய எழுத்துருக்கள் இன்னும் சாகவில்லை. சோதிப்பது எளிது: ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக வந்தால் நல்லது.

யூனிகோடில் எழுதிவிட்டு மொழியைக் குறிக்க மறந்தாலும் சிக்கல்தான். ஒவ்வொரு பக்கத்தின் குறிமுறையிலும் ‘இந்தப் பக்கம் இன்ன மொழியில்’ என்று சொல்லும் சிறு குறிப்பு இருக்க வேண்டும். ஆயத்த வார்ப்புருக்கள் பெரும்பாலும் ஆங்கிலம் என்றே வருகின்றன. அதை அப்படியே விட்டுவிட்டுத் தமிழில் எழுதிக்கொண்டு போகிறோம். திரை வாசிப்பான் அந்தக் குறிப்பை நம்பி ஆங்கிலக் குரலை அழைக்கும். தமிழ் தெரியாத அந்தக் குரல் சில நேரம் உளறும், சில நேரம் மௌனமாகவே கடந்துபோகும். இரண்டே எழுத்துகளை மாற்றினால் தீர்ந்துபோகும் பிழை இது.

கண் மட்டும் அல்ல

அணுகல்தன்மை என்றால் பார்வையற்றவர்களுக்கானது என்று சுருக்கிவிடுவது சுலபம், நானும் இதுவரை அவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். மவுஸைப் பிடிக்க முடியாதவர்கள் ஏராளம்: பக்கவாதம் வந்தவர், நடுக்குவாத நோயாளி, கையில் கட்டுப் போட்டிருப்பவர். விசைப்பலகை, ஒற்றைச் சுவிட்சு, குரல் கட்டளை, வாயில் பிடித்த குச்சி எனப் பல வழிகளில் அவர்கள் கணினியை இயக்குகிறார்கள். விசைப்பலகைக்குப் பணியும் பக்கம் பெரும்பாலும் மற்றவற்றுக்கும் பணியும்.

ஆகவே மவுஸை ஒதுக்கிவைத்துவிட்டு டேப் விசையால் மட்டும் உங்கள் தளத்தைச் சுற்றிவாருங்கள். ஒவ்வொரு இணைப்பிலும் பொத்தானிலும் நிற்கும்போது, நிற்கும் இடத்தைக் காட்ட அதைச் சுற்றி ஒரு கோடு தெரிய வேண்டும். உலாவி அந்தக் கோட்டை இயல்பாகவே வரைந்துவிடும். அது அசிங்கமாக இருக்கிறது என்று வடிவமைப்பாளர்கள் அழித்துவிடுகிறார்கள்! நாம் கொண்டுவந்து வைக்கும் தடை என்று மேலே சொன்னேனே, அதற்கு இதைவிடத் துலக்கமான சான்று இல்லை. திடீரென்று குதிக்கும் விளம்பரப் பெட்டியை விசைப்பலகையால் மூட முடிகிறதா என்றும் பாருங்கள். முடியாவிட்டால் அங்கேயே சிறைப்பட வேண்டியதுதான்.

காது கேளாதவர்களுக்குக் காணொளியில் சப்டைட்டில் வேண்டும். தானியங்கித் தமிழ் சப்டைட்டில் முன்பைவிடத் தேறியிருக்கிறது. ஆனால் ஊர்ப் பெயரும் மருந்துப் பெயரும் வந்தால் கவிழ்த்துவிடும். ஏற்றுவதற்கு முன் ஒருவர் உட்கார்ந்து திருத்த வேண்டும். பிறவியிலேயே கேளாதவர்கள் பலருக்குச் சைகை மொழிதான் முதல் மொழி, எழுத்துத் தமிழ் அடுத்ததாகக் கற்றது. அவர்களுக்கு நம் அலுவலகத் தமிழின் நீண்ட வாக்கியங்கள் ஒரு சுவர். கற்றல் குறைபாடு உள்ளவர்களுக்கும் அப்படியே.

நிறத்துக்கு வருவோம். எழுத்தும் பின்னணியும் வெளிச்சத்தில் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதை வேறுபாட்டு விகிதத்தால் அளக்கிறார்கள். வெள்ளையில் கறுப்பு எழுத்துக்கு அது 21:1; அதைத் தாண்ட முடியாது. சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவுகோல். இன்றைய நாகரிகமான வெளிர் சாம்பல் எழுத்துகள் பல இதில் தேறுவதில்லை. தமிழில் இழப்பு இன்னும் அதிகம்: மெல்லிய சாம்பல் எழுத்தில் முதலில் காணாமல்போவது மெய்யெழுத்தின் புள்ளி. நிறத்தை மட்டுமே நம்பிச் செய்தி சொல்வதும் கூடாது. ‘சிவப்பில் உள்ள கட்டங்களை நிரப்பவும்’ என்றால் சிவப்பும் பச்சையும் ஒன்றாகத் தெரிபவர் என்ன செய்வார்? ‘கட்டாயம்’ என்று பக்கத்தில் எழுதிவிடலாம்.

ஒரு நொடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னும் எதையும் வைக்கக் கூடாது என்றும் ஒரு விதி உண்டு. 1997 டிசம்பரில் ஜப்பானில் ஒரு கார்ட்டூன் நிகழ்ச்சியின் மின்னும் காட்சியைப் பார்த்து அறுநூறுக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் குழந்தைகள், மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். சிலருக்கு அது வலிப்பைத் தூண்டிவிடும்.

கண் சிமிட்டச் சொன்ன வங்கி

விதிகள் என்றேன். டிம் பெர்னர்ஸ் லீ நிறுவிய உலகளாவிய வலைச் சேர்த்தியம் இவற்றைத் தொகுத்து வெளியிடுகிறது. 1999-இல் முதல் பதிப்பு, 2008-இல் இரண்டாவது, அதன் திருத்தங்கள் 2018-இலும் 2023-இலும் வந்தன. உள்ளடக்கத்தை ஏதாவது ஒரு புலனால் உணர முடிய வேண்டும், இயக்க முடிய வேண்டும், புரிய வேண்டும், எந்தக் கருவியில் திறந்தாலும் நிலைத்து நிற்க வேண்டும் என்ற நான்கு தூண்களில் அவை நிற்கின்றன. ஏ, இரட்டை ஏ, மூன்று ஏ என்று மூன்று படிநிலைகள் உண்டு. அரசுகளும் நிறுவனங்களும் வழக்கமாகக் கேட்பது இரட்டை ஏ. இந்திய அரசுத் தளங்களுக்கு 2009 முதல் தனி வழிகாட்டுதல் இருக்கிறது.

வழிகாட்டுதல் இருப்பதும் அது நடப்பதும் வேறு வேறு என்பதற்கு நம் உச்ச நீதிமன்றத்தின் இரு தீர்ப்புகளே சாட்சி. 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில், அணுகல்தன்மை விதிகளை வெறும் பரிந்துரைகளாக வைத்திருந்தது சட்டத்துக்கு முரண் என்று நீதிமன்றம் சொன்னது. கட்டாயமான விதிகளை வகுக்க மத்திய அரசுக்கு மூன்று மாதம் கொடுத்தது. அடுத்து 2025 ஏப்ரல் 30 அன்று வந்த தீர்ப்பு, வங்கிகளும் சிம் கார்டு நிறுவனங்களும் நடத்தும் இணையவழி அடையாளச் சரிபார்ப்பு பற்றியது. உயிருள்ள ஆள்தானா என்று உறுதிசெய்ய, கேமரா முன் கண் சிமிட்டச் சொல்கிறார்கள். அமில வீச்சில் இமைகளை இழந்தவர் எப்படிச் சிமிட்டுவார்? பார்வையற்றவர் தம் முகத்தைத் திரையில் உள்ள வட்டத்துக்குள் எப்படிப் பொருத்துவார்? இத்தகையோர் தொடுத்த வழக்கில், எண்ணிம வசதிகளைப் பெறுவது அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழும் உரிமையில் அடங்கும் என்று சொல்லி, இருபது வழிகாட்டுதல்களை நீதிமன்றம் பிறப்பித்தது. கண் சிமிட்டலுக்கு மாற்று வழிகள் வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. அந்தச் சரிபார்ப்பை வடிவமைத்தவர்கள் யாரையும் வெளியே தள்ள நினைத்திருக்க மாட்டார்கள். சிமிட்ட முடியாத ஒருவர் அவர்கள் நினைவில் வரவே இல்லை, அவ்வளவுதான்.

படிவங்கள் எல்லாமே இந்த ஆபத்துக்கு உரியவை. கட்டத்துக்குள் மங்கலாக ‘பெயர்’ என்று தெரிந்து, தட்டச்சத் தொடங்கியதும் மறைந்துவிடும் வகையைத் தவிர்த்து, கட்டத்துக்கு வெளியே நிலையான பெயர் வையுங்கள். ‘பிழை’ என்று மட்டும் சொல்லாமல் எந்தக் கட்டத்தில் என்ன பிழை என்று சொல்லுங்கள். நெளிந்த எழுத்துகளைக் காட்டி மனிதன்தானா என்று கேட்கும் கேப்ட்சாவுக்கு வேறொரு வழியும் கொடுங்கள். முப்பது நொடியில் ஓடிபி காலாவதியாகும் என்றால், மெதுவாகத் தட்டுபவர் என்றைக்குமே உள்ளே வர முடியாது.

இந்தத் தொல்லையெல்லாம் வேண்டாம், ஒரே ஒரு நிரல் வரியைச் சேர்த்தால் உங்கள் தளம் முழுவதும் தானாகச் சரியாகிவிடும் என்று விற்கும் நிறுவனங்கள் உண்டு. தளத்தின் மூலையில் சக்கர நாற்காலி வடிவில் ஒரு சின்னம் வந்து உட்காரும். வாங்காதீர்கள். அப்படி விற்ற ஆக்சஸிபி என்ற நிறுவனம், தன் பொருள் எந்தத் தளத்தையும் விதிகளுக்கு ஏற்றதாக்கிவிடும் என்று பொய்யாக விளம்பரம் செய்ததாகக் கூறி, அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2025-இல் அதை 10 லட்சம் டாலர் கட்டவைத்தது. பெயரில்லாத பொத்தானுக்கு என்ன பெயர் என்று மேலே ஒட்டிய நிரலுக்கு எப்படித் தெரியும்?

சோதனைக் கருவிகளையும் அளவோடு நம்புங்கள். வேவ், லைட்ஹவுஸ் போன்றவை இலவசம், சில நொடிகளில் பிழைப் பட்டியலைக் கொடுத்துவிடும், தொடக்கத்துக்கு நல்லவை. ஆனால் படத்துக்கு ஆல்ட் இருக்கிறதா என்றுதான் அவை பார்க்கும். அதில் ‘படம்’ என்று மட்டும் எழுதியிருந்தாலும் சரி என்று சொல்லிவிடும். அடுத்த படி, உங்கள் பேசியில் டாக்பேக்கை இயக்கி உங்கள் தளத்திலேயே ஒரு படிவத்தை நிரப்பிப் பார்ப்பது. இயக்கியதும் பேசியின் பழக்கமே மாறிவிடும்: ஒருமுறை தொட்டால் என்ன இருக்கிறது என்று சொல்லும், இருமுறை தட்டினால்தான் திறக்கும். அதனால் எப்படி அணைப்பது என்று முதலிலேயே படித்து வைத்துக்கொள்ளுங்கள். தெரியாமல் இயக்கிவிட்டு வீட்டுப் பிள்ளைகளைத் தேடி ஓடுபவர்கள் உண்டு. அதற்கும் அடுத்த படி, இந்தக் கருவிகளை நாள்தோறும் பயன்படுத்தும் ஒருவரை அழைத்து, உங்கள் தளத்தில் ஒரு டிக்கெட் எடுக்கச் சொல்லி, குறுக்கே பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது. அவருடைய நேரத்துக்கு உரிய கட்டணத்தைக் கொடுத்துவிடுங்கள். இது பரிசோதகர் வேலை, உபகாரம் அல்ல.